பல் முளைத்த காசு

காசைத் தட்டிப் பார்த்து வெள்ளியா ஈயமா என்று சொல்லிவிடுவேன். விளிம்பைத் தடவி, அச்சில் அடித்ததா வார்ப்பில் ஊற்றியதா என்றும் சொல்லுவேன். அதனால் என்னைப் பெரிய நிபுணன் என்று நினைத்துக்கொண்டு, பெட்டிக்கடியில் கிடந்த பழைய காசுகளை எல்லாம் சுருட்டிக்கொண்டு கேத்தி வரைக்கும் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கண்ணைச் சுருக்கி, தொண்டையைச் செருமி, காதோரம் காசைச் சுண்டி, பத்து தலைமுறை செட்டியார் மாதிரி நடிப்பேன். அந்த வித்தை முழுவதையும் ஒரே பகலில், ஊட்டியில் ஒரு கடை வாசலில், முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அளவுக்கு நடுங்கிக்கொண்டே பழகினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலை தெரிந்தவர்கள் என்றுதான் எங்களை மலைக்கு அனுப்பினார்கள். எங்கள் முறை வந்தபோது தேயிலையில் இடம் தீர்ந்துபோயிருந்தது. ஓடை ஓரம் குழி வெட்டி, அதில் தண்ணீரைத் திருப்பிவிட்டு, மூட்டை மூட்டையாகக் கேரட்டைக் கொட்டுவார்கள். நாங்கள் உள்ளே இறங்கி மண் போகும்வரை காலால் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கக் கேரட் சிவக்கும், கால் நீலமாகும். "மேல சட்டையில வெள்ளை இருக்கு, நடுவுல கேரட்டு, கீழ நீலம். நாம ஒவ்வொருத்தனும் ஒரு மூவர்ணக் கொடியப்பா" என்று குழிக்குள் நின்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்தால் கொஞ்சம் சூடு பிறக்கும். என்னுடைய உபயோகம் அவ்வளவுதான்.

என் மனைவி அப்படியில்லை. அவள் பேச்சு குறைவு. ஆனால் அங்கே தோட்டத்தில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, துரை பங்களா வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்தவள். நான் கடைசி ஆளாகப் போய், பாதி வழியில் செருப்பு அறுந்துவிட்டது என்று திரும்பி வந்தவன். செருப்பு அறுந்தது என்னவோ நிஜம்தான்.

அவள் கழுத்தில் தாலியோடு சேர்த்துக் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளி ரூபாய் தொங்கும். ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் இலைவளையத்துக்கு நடுவில் இங்கிலீஷ் எழுத்து. அவளுடைய அம்மா கொடுத்தது. எங்களுக்கு இந்தியக் குடியுரிமைப் பேப்பர் வந்தது; என் மாமியாருக்குச் சிலோன் பேப்பர் வந்தது. ஒரே அடுப்பில் சோறு பொங்கிய குடும்பத்தை இரண்டு தேசமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றார்கள். ரயில் நகரும்போது மாமியார் அந்தக் காசை ஜன்னல் வழியாக மகள் கையில் திணித்தார். தலைமன்னாரில் கப்பலேற்றும் முன் சோதனை போடுவார்களே என்று என் மனைவி அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள். அதிகாரி என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். என் வாயில் காசு எதுவும் இல்லாததால் நான், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, எங்களை அரை மணி நேரம் கூடுதலாக நிற்க வைத்தேன்.

அந்தக் காசுக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் லயத்தில் ஒரு குழந்தை பிறந்தால் சேனை வைக்க வேண்டும். அதாவது முதன்முதலாக நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் பொன்னை உரைத்து வைப்பார்கள். வரிசையாகப் பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குள் அடைந்து கிடந்த எங்களிடம் பொன் எங்கே? என் மாமியார் சீனித் தண்ணீரைக் கல்லில் விட்டு, இந்த வெள்ளி ரூபாயின் விளிம்பை அதில் லேசாக ஓர் இழு இழுத்து, விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். எத்தனை குழந்தைகள் என்று யார் கண்டது! காசின் விளிம்பைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி பொடிப்பொடியாகக் கோடு இருக்குமல்லவா? ராணியின் உச்சந்தலைக்கு நேர் மேலே, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு அந்தப் பற்கள் இல்லை. உரைத்து உரைத்து மழுங்கிவிட்டன.

ஒருநாள் குழிக்குள் குனிந்தபோது காசின் காது உடைந்துவிட்டது. காது என்றால் கயிறு கோக்கப் பற்றவைத்திருந்த சின்ன வளையம். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போனோம். மார்க்கெட்டிலிருந்து மேலே ஏறும் சந்தில், வெள்ளி ரிப்பேரும் பழைய சாமான் வியாபாரமுமாக ஒரு கடை. பித்தளை விளக்கு, துரைமார் விட்டுப்போன கடிகாரம், கண்ணாடி மூடி போட்ட மரத் தட்டில் பழைய காசுகள். சீசனுக்கு வருகிறவர்கள் அந்தத் தட்டைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் வெல்லம் ஒழுகும். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவருக்குத் தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்ள ஆசை வந்துவிட்டது.

"ஏனுங்க, இதெல்லாம் நிசம்னு நெனச்சீங்களா? பாதி வெளையாட்டுக் காசுங்க. இதைப் பாருங்க, ரெண்டு பக்கமும் தலை. ரெண்டு காசை நடுவுல ராவி ஒட்டினது. விளிம்புல நகத்தை ஓட்டுனீங்கன்னா இணைப்புத் தட்டும். இது ராமர் பட்டாபிஷேகம், பின்னால கிழக்கிந்தியக் கம்பெனி பேரு. கம்பெனிக்காரன் என்னைக்குங்க ராமருக்குப் பட்டாபிஷேகம் பண்ணினான்? ஆனா கேட்கறாங்க, குடுக்கறோம்."

"அப்ப அசல எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"காந்தம் வெச்சா வெள்ளி அசையாதுங்க, இரும்பு ஓடியாரும். கருங்கல்லுல போட்டா வெள்ளி பாடும், ஈயம் இருமும். வார்ப்புல ஊத்தினதுன்னா விளிம்பைச் சுத்தி நூல் புடிச்சாப்ல ஒரு கோடு, மூஞ்சியில ஊசி குத்தினாப்ல பொடிப் பள்ளம். அச்சுல அடிச்ச காசுக்கு அதெல்லாம் இருக்காதுங்க."

அவ்வளவையும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார் மகராசன். பிறகு என் மனைவியின் காசை வாங்கி லென்சில் பார்த்தார். ஒரு காது ஒட்டுவதற்கு ஒரு மனிதன் அவ்வளவு நேரம் பார்க்க வேண்டாம். "ராணி தலையில கிரீடம் இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கழுவி, காது வெச்சு, அடுத்த ஞாயித்துக்கிழமை குடுத்துடறனுங்க" என்றார்.

சொன்னபடியே கொடுத்தார். காசு பளபளவென்று இருந்தது. புதுக் காது. எனக்கு ஒரே பெருமை. "ராணியம்மா ஊட்டித் தண்ணியில குளிச்சதும் பத்து வயசு கொறஞ்சிட்டாங்க" என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். என் மனைவி மட்டும் காசைக் கழுத்தில் போட்டதிலிருந்து ஒரு தினுசாக இருந்தாள். "கனம் சரியில்லங்க" என்றாள். புதுக் காது வச்சிருக்கு, கனம் கொஞ்சம் ஏறாதா என்று விளக்கம் சொன்னேன். என்னிடம் எதற்கும் விளக்கம் உண்டு.

அந்த வாரம் பக்கத்து அறையில் குழந்தை பிறந்தது. எங்களோடு ஒரே கப்பலில் வந்த பெண். இங்கே வந்து பெற்ற முதல் பிள்ளை. காலையில் என் மனைவி குளித்து, கல்லைக் கழுவி, சீனித் தண்ணீர் விட்டு, காசைக் கழற்றி விளிம்பைக் கல்லில் வைத்தாள். வைத்தவள் நிறுத்திவிட்டாள். காசைச் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"என்ன புள்ள?"

"தேஞ்ச எடத்தக் காணோம்."

"சரியாப் பாரு."

"நீங்க பாருங்க. பல்லு முழுசா இருக்கு. தேஞ்ச பல்லு மறுபடி மொளைக்குமா?"

தடவினேன். ராணியின் உச்சந்தலைக்கு மேலே பற்கள் வரிசையாக, பால்பல் மாதிரி முளைத்திருந்தன. அவள் சீனித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, வெறும் கல்லில் காசை ஓர் இழு இழுத்தாள். பென்சிலால் கிழித்தது மாதிரி கறுப்புக் கோடு விழுந்தது. மேலே பூசியிருந்த வெள்ளி அந்த இடத்தில் உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் சிரித்தது. இந்த ஈயத்தையா பிள்ளை வாயில் வைக்கப் பார்த்தோம் என்று அவள் கல்லைக் கவிழ்த்துப் போட்டாள். உள்ளே படுத்திருந்தவள், "என்னக்கா, எம் புள்ளைக்கு மட்டும் சேனை இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்கு. காசு ஊட்டியில இருக்கு. போய் எடுத்துட்டு வர்றோம்" என்றாள் என் மனைவி.

அந்த 'வர்றோம்' என்கிற வார்த்தையில் நானும் இருந்தேன் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். கேத்தியிலிருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்குள் நான் எனக்கே வழக்கு நடத்தி, எனக்கே தண்டனையும் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் இல்லை என்று சொல்லுவார். போலீசைக் கூப்பிடுவார். போலீஸ் பேப்பர் கேட்கும். பேப்பரில் என் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும். உடனே ராமேஸ்வரத்துக்கு அனுப்பிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கரையில், உன்னை யாரப்பா திரும்பி வரச் சொன்னது என்று இறக்க மறுப்பார்கள். மிச்ச ஆயுளுக்கும் கப்பலிலேயே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டிருப்பேன். கப்பலில் சோறு போடுவார்களா என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

"ஏ புள்ள, வேற ஒரு காசு வாங்கிக் காதுவச்சுப் போட்டுக்கிட்டா என்ன? ராணி ராணிதானே?"

"ஒங்க அம்மாவுக்குப் பதிலா வேற ஒரு அம்மா வாங்கித் தர்றேன், சரியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தேயிலைச் செடிகளை எண்ண ஆரம்பித்தேன்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க வாங்க. ஏனுங்க, இன்னைக்கு வேலைக்குப் போகலீங்களா?"

என் மனைவி காசைக் கண்ணாடி மேல் வைத்தாள். "அண்ணே, இது எங்க காசு இல்ல."

"அதேனுங்க அப்படிச் சொல்றீங்க? நீங்க குடுத்ததுதானுங்க. நல்லா வெளக்கிக் குடுத்தனுங்க, அதான் ஆள் தெரியல."

"வெளக்குனா அழுக்குத்தான் போகும். தேஞ்சது வளருமா?"

"இது உங்க காசேதானுங்க. எங்க வேணா சொல்லுவேன். உங்க காசு, உங்க காசு, உங்க காசு." மூன்று தடவை ஏலம் விடுகிற மாதிரி சொன்னார். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க, போலீஸ் ஸ்டேஷன் கீழதானுங்க இருக்குது. சிலோன்காரங்க கள்ளக் காசு கொண்டாந்து வம்பு பண்றாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாவம், பொழைக்க வந்தவங்களாச்சேன்னு பாக்கறேன்."

என் முழங்கால் ஆட ஆரம்பித்தது அப்போதுதான். வேட்டிக்குள் இரண்டு பேர் சண்டை போடுவது மாதிரி இருந்தது. என் மனைவி வெளியே வந்தாள். கடைவாசல் கருங்கல் படியில், போகிறவர் வருகிறவர் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கூப்புடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நா இங்கனயே குந்திக்கிட்டு இருக்கேன். காசு வராம எந்திரிக்க மாட்டேன்."

எனக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கால் ஆடிக்கொண்டிருந்ததால் ஓட முடியவில்லை. ஓட முடியாதவனுக்கு வாய்தான் மிச்சம். 'சிலோன்காரங்க கள்ளக் காசு' என்ற சொல் வேறு நெஞ்சில் முள் மாதிரி நின்றது. அங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரன். இரண்டு ஊரிலும் செல்லாதவன் என்று முடிவு கட்டுவதற்கு, ஈயத்துக்கு வெள்ளி பூசி விற்கிறவனுக்கு என்ன யோக்கியதை? பயம் அப்படியே திரும்பி, கோபமாக வாய்க்கு வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு டீக்கடை. அதை நடத்திய பாய் எங்களை அவ்வளவு நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை வைத்திருந்தார். கீழே சிந்துகிற சோடா மூடிகளைப் பொறுக்குவதற்கு.

"பாய், அந்தக் காந்தத்தைக் கொஞ்சம் குடுங்க."

"என்னத்துக்குப்பா?"

"ராமருக்குப் பட்டாபிஷேகம் பண்ணப்போறேன்."

பாய்க்கு விஷயம் பாதி புரிந்தது. மீதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று காந்தத்தைக் கொடுத்தார்.

கடையில் புதுக் கல்யாண ஜோடி ஒன்று, ஸ்வெட்டர் மடிப்புக் கூடக் கலையாமல், கம்பெனி ராமரை விலை கேட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய், கைகூப்பி, "சார், புதுப் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்குறீங்க. ஒருவாட்டி சோதிச்சுக்கங்க" என்று மூடி திறந்திருந்த தட்டின் மேலே காந்தத்தைப் பிடித்தேன். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டு மணி அடித்ததும் லயத்துச் சனம் மொத்தமும் எழுந்து ஓடிவருமே, அது மாதிரி பாதித் தட்டு எழுந்து வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. ராமர், சீதை, லட்சுமணர், இரண்டு பக்கத் தலை, எல்லோரும் ஆஜர்.

"பாருங்க சார். வெள்ளின்னா அசையாதாம். மொதலாளியே போன வாரம் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. நல்ல மனுசன்."

"யோவ்! காந்தத்தைக் கீழ வைய்யா!" என்று கத்தினார் கடைக்காரர்.

"கருங்கல்லுல போட்டா வெள்ளி பாடும், ஈயம் இருமும்னும் சொன்னாரு." எங்கள் காசு என்று அவர் சாதித்த காசைப் படியில் போட்டேன். 'டப்' என்று இருமியது. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். பாய் தன் டப்பாவிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் கால் ரூபாயை எடுத்து வந்து போட்டார். 'ணங்' என்று பாடியது. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோடி நழுவியது. அடுத்து வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருந்த என் மனைவியையும், காந்தத்தோடு நின்ற என்னையும் பார்த்து, விலை கேட்காமலே போனார்கள்.

இந்த வீரத்தின் உச்சத்தில்தான் ஒரு போலீஸ்காரர் சந்துக்குள் ஏறி வந்தார்.

என்னுடைய வீரம் எவ்வளவு என்று அப்போது தெரிந்தது. காந்தம் ஒரு கையில், அதில் ராமர் பரிவாரம். மறு கையால் சட்டைப் பையிலிருந்து பேப்பர் முழுவதையும் உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஐயா, எல்லாம் சரியா இருக்குங்கய்யா. தகப்பன் பேர்ல எழுத்துப் பிழை இருந்தா அது எழுதினவர் பிழைங்கய்யா. கப்பல் மட்டும் வேணாங்கய்யா!"

அவர் பேப்பரைப் பார்த்தார். காந்தத்தைப் பார்த்தார். "நான் டீ குடிக்க வந்தேன்யா" என்றார்.

பாய் டீ ஆற்றினார். கடைக்காரர் அவரைக் கூப்பிட்டுப் புகார் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கடைக்காரரோ தட்டுக்குக் கண்ணாடி மூடியைப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிரவில்லை. படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "என்னண்ணே, ஸ்டேஷனே நடந்து வந்திருக்கு. சொல்லுங்களேன்."

கடைக்காரர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். குரலில் மறுபடியும் வெல்லம். "ஏனுங்க, சண்டை எதுக்குங்க? சீசன் நேரம். இந்தாங்க, இது அசல் ராணி. கிரீடத்தோட இருக்குது. தட்டிப் பாருங்க, கல்லுல போடுங்க, காந்தம் வெய்யுங்க. உங்க பழசை விட எவ்வளவோ மேல். காது நானே வெச்சுத் தர்றனுங்க."

தட்டினேன். பாடியது. விளிம்பில் நூல் இல்லை. முகத்தில் பள்ளம் இல்லை. அசல்தான். உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு உடனே வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கால் ஆடுவது நிற்கும்வரை கேரட் மிதிக்க வேண்டும் போலிருந்தது. கொண்டுபோய் என் மனைவியிடம் காட்டினேன்.

"அசல் புள்ள. நானே சோதிச்சேன்."

அவள் கையில் வாங்கக்கூட இல்லை. "அசல்தான். யாரு ஊட்டு ராணி இது? அவங்களும் எங்கயாவது ஒரு படியில குந்திக்கிட்டுத் தேடுவாங்க. கொண்டுபோய்க் குடுங்க." பிறகு கடைக்காரருக்குக் கேட்கும்படி, "இல்லாத காசுக்கு அசல் காசு பதிலாக் குடுக்குறாரு. அப்ப நம்ம காசு எங்கயோ பத்திரமா இருக்கு" என்றாள்.

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அசல் ராணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மத்தியான ரயிலில் குன்னூரிலிருந்து வந்த, பழைய காசு சேர்க்கும் ஒரு பெரியவர், கம்பளிக் குல்லாவும் கைத்தடியுமாக, என் மனைவியை ஒருவழியாகத் தாண்டி உள்ளே நுழைந்தார். நுழையும்போதே, "எங்கே, அந்தக் கிரீடம் இல்லாத ராணி? அந்தப் பழைய அச்சு இப்போ கண்ணில் படுறதே அபூர்வம். பார்க்கலாம்" என்றார்.

கடைக்காரர் கண்ணைக் காட்டினார், புருவத்தைக் காட்டினார், முகத்தில் இருந்த எல்லாவற்றையும் காட்டினார். பெரியவருக்குக் காசைத் தவிர வேறு எதுவும் பார்த்துப் பழக்கமில்லை போலிருந்தது. "என்னய்யா கண்ணில் தூசியா? ராணியை எடு" என்றார்.

என் மனைவி எழுந்து நின்றாள். அன்றைக்கு முதல் தடவையாக.

"ஐயா, அந்த ராணிக்கு உச்சந்தலைக்கு மேல விளிம்புல பல்லு இருக்காது. நகம் அகலத்துக்கு மழுங்கி இருக்கும். பக்கத்துல காது ஒட்டுன தழும்பு இருக்கும். இருந்தா அது எங்க அம்மா குடுத்த காசு. இல்லாட்டி நா வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்."

பெரியவர் அவளைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். "எடுத்து வையும்" என்றார். டீ கிளாசோடு போலீஸ்காரரும் வாசலில் வந்து சாய்ந்துகொண்டார். பாய், "காட்டுங்க மொதலாளி, காட்டுனா கொறஞ்சா போயிரும்?" என்றார்.

கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள், அழுக்கோடு அழுக்காக, எங்கள் ராணி.

பெரியவர் லென்சை வைத்து விளிம்பை ஒரு சுற்று சுற்றினார். உச்சந்தலைக்கு மேலே வந்ததும் நின்றார். "இந்தம்மா சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். பிறகு கடைக்காரரிடம் கோபமாக, "முழுக் காசுன்னு சொல்லியனுப்பினீரே? அசல்தான், மறுக்கலை. ஆனா விளிம்பை உரசியிருக்கு, காது பற்றவெச்சிருக்கு. சேர்த்து வைக்கிறவன் கணக்கில் இது செத்த காசு. இதுக்காகக் குளிரில் ரயில் ஏறி வந்தேனே" என்று கண்ணாடி மேல் வைத்துவிட்டார்.

"செத்த காசைப் பஞ்சு மெத்தையில எதுக்குங்கய்யா படுக்க வச்சிருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி அதை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒருமுறை விளிம்பைத் தடவினாள். மழுங்கிய இடத்தில் விரல் நின்றது. முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்க, புள்ளைக்குச் சேனை வைக்கணும்" என்று படியிறங்கினாள்.

"மாறிப் போச்சுங்க... கூட்டத்துல..." என்று கடைக்காரர் போலீஸ்காரரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் வாசலைத் தாண்டும்போது அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. "ஏனுங்க, அந்த இன்னொரு காசைக் குடுத்துட்டுப் போங்க. அதுல ஒட்டியிருக்கற காது வெள்ளிங்க, என்னோடதுங்க."

நான் திரும்பினேன். கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எந்தக் காசுங்க? நீங்கதானே காலையில சொன்னீங்க, 'உங்க காசு, உங்க காசு, உங்க காசு'ன்னு. பாய், சொன்னாரா இல்லியா?"

"மூணு தடவை சொன்னாரு" என்றார் பாய், காந்தத்திலிருந்து ராமரை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்துக்கொண்டே.

ஈய ராணியைச் சட்டைப் பையில், பேப்பர்களுக்கு மேலே போட்டுக்கொண்டேன். வெள்ளிக் காது வெளியே தெரியும்படியாக.